பை சுமந்தவர் வென்ற கோப்பை

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குச் சமீபத்தில் நெட்டுக்குப்பம் என்ற மீனவர் கிராமம் இருக்கிறது. கிழக்கே வங்காள விரிகுடா ஓயாமல் முழங்குகிறது. மேற்கே கழிமுகத்தின் உப்புநீர் அலையின்றிக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே மணற்பாங்கான நிலம். ஏர் பூட்டி உழுவதற்கு அது உதவாது. வலை உலர்த்தவும், படகை இழுத்து நிறுத்தவும், மாலை வேளையில் பிள்ளைகள் ஓடியாடவும் உதவும். இந்தக் கிராமத்தையும், கோல்ப் என்னும் துரைமார் ஆட்டத்தையும் ஒரே மூச்சில் சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் பூகோளத்தைச் சாட்சிக்கு அழைத்தோமானால் அது நம் கட்சியில்தான் பேசும்.

ஸ்காட்லாந்து தேசத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு சிறு பட்டணம் உண்டு. கோல்ப் ஆட்டக்காரர்களுக்கு அதுவே காசி, அதுவே ராமேசுவரம். அங்கேயும் ஒரு புறம் கடல். மறுபுறம் ஈடன் என்னும் ஆற்றின் கழிமுகம். நடுவே உழவுக்குதவாத மணல் மேடு. அத்தகைய நிலத்துக்கு அந்நாட்டார் 'லிங்க்ஸ்' என்று பெயரிட்டார்கள். கடற்காற்று குவித்த மேடுகளும், ஆடு மேய்ந்து கத்தரித்த புல்லும் சேர்ந்து, எவரும் திட்டம் போடாமலே ஒரு விளையாட்டுக் களத்தை உண்டாக்கிவிட்டன.

அந்த நிலம் யாருக்குச் சொந்தம்? இங்கேதான் விசேஷம் இருக்கிறது. 1552-ஆம் ஆண்டில் அவ்வூர்த் தலைமைக் குரு ஹாமில்டன் என்பவர் ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார். அந்த மணல்வெளியில் முயல் வளர்ப்பது அவருடைய பாத்தியதை. கோல்பும் பிற ஆட்டங்களும் ஆடுவதும், கால்நடை மேய்ப்பதும் ஊர் ஜனங்களின் பாத்தியதை. சுருங்கச் சொன்னால், கோல்ப் பிறந்த இடம் நம் பாஷையில் புறம்போக்கு! இன்றைக்கும் அம்மைதானம் பொதுச் சொத்தாகவே நிர்வகிக்கப்படுகிறது. அதன் பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் உலாவப் போகிறார்கள்.

பொதுநிலத்தில் பிறந்த இந்த ஆட்டத்துக்குப் பின்னாளில் மதில் வந்தது, வாயிற்காப்போன் வந்தான், அங்கத்தினர் ஜாபிதா வந்தது, நிறம் பார்க்கும் கண்ணும் வந்தது. ஆகையால் கோல்ப் போட்டிகளின் சரித்திரத்தில் நெஞ்சை விட்டு அகலாத சந்தர்ப்பங்கள் எவை என்று கேட்டால், யார் எத்தனை கெஜ தூரம் அடித்தார் என்ற கணக்கை நாம் முதலில் எடுக்க மாட்டோம். வெளியே நிறுத்தப்பட்டவன் உள்ளே வந்து வென்ற நாட்களையே முதலில் எடுப்போம்.

ஆட்டமும் ஆளும்

ஆட்டம் எளிது. ஒரு சிறு பந்து, பதினெட்டுக் குழிகள், பந்தை மட்டையால் அடித்து அடித்து ஒவ்வொரு குழியிலும் விழச் செய்ய வேண்டும். மொத்தத்தில் குறைந்த அடிகளில் முடித்தவரே ஜயித்தவர். கிரிக்கெட்டில் அதிகம் சேர்த்தவன் கெட்டிக்காரன். இங்கே குறைவாகச் செலவழித்தவன் கெட்டிக்காரன். சிக்கனமான குடும்பத் தலைவிகளுக்கு இந்தத் தத்துவம் எளிதில் விளங்கும்.

ஆனால் தூரத்துக்கு ஒரு மட்டை, மணலுக்கு ஒரு மட்டை, குழிக்கருகே மெல்ல உருட்ட ஒரு மட்டை என்று பல மட்டைகள் வேண்டும். விதிப்படி 14 வரை வைத்துக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் பையில் போட்டுச் சுமந்துகொண்டு காத வழி நடக்க ஓர் ஆள் தேவை. அந்த ஆளுக்குக் 'கேடி' என்று பெயர். நம் ஊரில் கேடி என்றால் போலீஸ் தாணாவில் படம் மாட்டப்பட்ட ஆசாமி என்று பொருள்படும். கோல்ப் மைதானத்துக் கேடி பரம சாது. காற்று எப்பக்கம் வீசுகிறது, புல் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது, எஜமானர் எந்த மட்டையை எடுத்தால் மானம் தப்பும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். எஜமானருக்குத் தெரிந்ததைவிட அதிகமாகவே தெரியும். அவனுக்கு இல்லாதது ஒன்றுதான்: ஆடும் உரிமை.

1860: இரண்டு நிகழ்ச்சிகள்

உலகத்தின் மிகப் பழைய கோல்ப் பந்தயமான பிரிட்டிஷ் ஓப்பன் 1860 அக்டோபர் 17-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் பிரஸ்ட்விக் என்ற இடத்தில் ஆரம்பமாயிற்று. ஆடியவர்கள் எட்டே பேர். பன்னிரண்டு குழிகள் கொண்ட மைதானத்தை ஒரே நாளில் மூன்று முறை சுற்றினார்கள். வில்லி பார்க் என்பவர் 174 அடிகளில் முடித்து வென்றார்; டாம் மாரிஸ் 176 அடிகளில் இரண்டாவதாக வந்தார். ரொக்கப் பரிசு கிடையாது. சிவப்புத் தோலில் செய்த ஒரு கச்சைதான் பரிசு. அந்த எட்டுப் பேரும் பிரபுக்கள் அல்லர். பந்து செய்தும், மைதானம் காத்தும், பிறர் பையைச் சுமந்தும் வயிறு வளர்த்த தொழிலாளிகள். ஆகவே, உலகத்தின் தலைசிறந்த கோல்ப் போட்டி உழைப்பாளிகளின் போட்டியாகவே தோன்றியது என்பதை நாம் மறக்கலாகாது.

அதே 1860 அக்டோபரில் நம் சென்னைக் கடற்கரையில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலையைக் கடந்து போய்த்தான் ஏற வேண்டும். 'ட்ரூரோ' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளாகப் பதிவான நம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவுக்குப் பாய் விரித்தது. பிரஸ்ட்விக்கில் முதல் பந்து அடிக்கப்பட்ட தினத்தன்று அக்கப்பல் நடுக்கடலில் சென்றுகொண்டிருந்தது. நவம்பர் 16-ஆம் தேதி நேட்டால் மாகாணத்து டர்பன் நகரை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக இந்தியாவிலிருந்து அந்நாட்டில் போய் இறங்கிய முதல் கூட்டம் அதுவே. பின்னால் கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் சென்றன.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் அன்று யாதொரு சம்பந்தமும் இல்லை. நூற்று மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டும் டர்பன் நகரத்து மழையில் சந்தித்தன. அதைச் சொல்லுமுன் வேறு சில காட்சிகளையும் பார்த்து வருவோம்.

தெருவுக்கு எதிர்ப்புறத்துப் பையன்

அமெரிக்க ஓப்பன் பந்தயம் 1895-இல் தொடங்கிற்று. அடுத்த ஆண்டே சோதனை வந்தது. ஜான் ஷிப்பன் என்ற கறுப்பு இளைஞரும், ஆஸ்கர் பன் என்ற அமெரிக்க ஆதிக்குடி இளைஞரும் ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். இருவரும் அந்த மைதானத்திலேயே பை சுமந்து ஆட்டம் பயின்றவர்கள். வெள்ளை ஆட்டக்காரர் சிலர், "இவர்கள் ஆடினால் நாங்கள் விலகுவோம்" என்றனர். சங்கத்தின் தலைவர் ஹேவ்மேயர் மசியவில்லை. அவ்விருவர் மட்டுமே எஞ்சினாலும் பந்தயம் நடந்தே தீரும் என்று தெரிவித்துவிட்டார். மிரட்டியவர்கள் வாய் மூடி ஆடினார்கள். முதல் சுற்றில் முன்னணியில் நின்ற ஷிப்பன், இரண்டாவது சுற்றில் மணற்பாதையில் பந்து அகப்பட்டு ஒரே குழியில் 11 அடிகளைச் செலவழித்து வெற்றியை இழந்தார். கோப்பை போயிற்று; ஆனால் கதவு சிறிது திறந்தது. திறந்த கதவைப் பின்னால் வந்தவர்கள் மீண்டும் சாத்தினார்கள் என்பது வருந்தத்தக்க விஷயம். அமெரிக்கத் தொழில் கோல்ப் சங்கம் 1934-இல் வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்று விதி எழுதி வைத்து, 1961 வரை அதை நீக்கவில்லை.

1913-ஆம் ஆண்டு நடந்ததோ கதைகளில் வருவது போன்றது. பாஸ்டன் நகருக்கருகே புரூக்லைன் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன். இங்கிலாந்திலிருந்து ஹாரி வார்டன், டெட் ரே என்ற இரு மகாரதர்கள் கப்பலேறி வந்திருந்தார்கள். வார்டன் அதற்குள் ஐந்து முறை பிரிட்டிஷ் ஓப்பனை வென்றவர். ரே முந்தின ஆண்டு வென்றவர். அவர்களுக்கு எதிரே நின்றவர் பிரான்சிஸ் விமே என்ற 20 வயது இளைஞர். மைதானத்துக்கு எதிர்ப்புறத் தெருவில் வீடு. விளையாட்டுச் சாமான்கள் விற்கும் கடையில் உத்தியோகம். சிறு பிராயத்தில் அதே மைதானத்தில் பை சுமந்தவர். இப்போது அவருடைய பையைச் சுமந்தவனோ எடி லோவரி என்ற பத்து வயதுச் சிறுவன். பையின் உயரமும் பையனின் உயரமும் ஏறக்குறைய சமம்.

நான்கு சுற்று முடிந்தும் மூவரும் சமமாக நின்றார்கள். செப்டம்பர் 20-ஆம் தேதி, மழையில் நனைந்த தரையில், மூவரும் மறுபடி 18 குழிகள் ஆடினார்கள். விமே 72, வார்டன் 77, ரே 78! அன்றுவரை செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று கோல்பைப் பாராதிருந்த அமெரிக்க ஜனங்கள் அதன் பிறகு திரும்பிப் பார்த்தார்கள். பிரபலஸ்தர்களை வென்றவன் எதிர்வீட்டுப் பையன் என்றால் யாருக்குத்தான் ஆவல் பிறக்காது?

மோட்டார் காரில் உடை மாற்றியவர்

அக்காலத்தில் பணத்துக்கு ஆடும் தொழில் ஆட்டக்காரர்களைக் கிளப் கட்டிடத்துக்குள் விடுவதில்லை. 1920-இல் அமெரிக்காவிலிருந்து வால்ட்டர் ஹேகன் பிரிட்டிஷ் ஓப்பனுக்காக டீல் என்ற ஊருக்கு வந்தார். இரண்டு முறை அமெரிக்க ஓப்பனை வென்ற அவரையும் உடை மாற்றும் அறைக்குள் அனுமதிக்கவில்லை. ஹேகன் சச்சரவு செய்யவில்லை. ஆடம்பரமான மோட்டார் கார் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக் கிளப் வாசலிலேயே நிறுத்தினார். அதிலேயே உடை மாற்றிக்கொண்டார். உள்ளே இருந்த கனவான்களுக்குக் காபி கசந்திருக்கும்! ஆட்டத்தில் ஹேகன் 53-ஆவதாக வந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் இரண்டே ஆண்டுகளில் திரும்பி வந்து அதே பந்தயத்தை வென்றார். மொத்தம் நான்கு முறை வென்றார்.

அந்த 1920-இலேயே அமெரிக்காவில் டோலிடோ நகரத்து இன்வர்னஸ் கிளப்பார், ஓப்பன் ஆட வந்த தொழில் ஆட்டக்காரர்களுக்குத் தங்கள் கட்டிடத்தைத் திறந்துவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் பணம் திரட்டி ஓர் உயரமான மணிக்கூண்டுக் கடிகாரத்தை அவர்களுக்கு நன்றிக் காணிக்கையாக வழங்கினார்கள். ஒரு கதவைத் திறந்ததற்கு ஒரு கடிகாரம். மரியாதையின் விலை இருதரப்பாருக்கும் விளங்கியது.

இந்த ஆட்டத்துக்கென்று ஓர் உயர்ந்த தர்மமும் உண்டு. தன் அடிகளைத் தானே நேர்மையாகக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதே அது. 1925 அமெரிக்க ஓப்பனில் பாபி ஜோன்ஸ் மட்டையை வைத்தபோது பந்து இம்மியளவு அசைந்துவிட்டது. நடுவர்கள் அதைப் பார்க்கவில்லை. ஜோன்ஸ் தாமே முன்வந்து ஓர் அடி தண்டம் ஏற்றுக்கொண்டார். அந்த ஓர் அடி இல்லையேல் கோப்பை அவருடையது. சமநிலை ஏற்பட்டு, மறு ஆட்டத்தில் தோற்றுப் போனார். பந்து அசைந்ததைக்கூட மறைக்கலாகாது என்னும் சத்தியம் விளங்கும் ஆட்டத்தில், மனிதனை மட்டும் நிறம் பார்த்து ஒதுக்கலாம் என்று சிலர் எண்ணியது எப்படி? அந்தக் கேள்விக்குரிய இடம் டர்பன்.

டர்பன் நகரத்து மழை

ஸ்யூசங்கர் ஸ்யூகோலம் என்று அயல்நாட்டுப் பதிவேடுகளில் காணப்படும் பெயரைக் காதால் கேட்டால் நம் சிவசங்கர்தான் என்று உடனே தெரியும். வீட்டார் அழைத்த பெயர் பப்வா. டர்பன் நகரில் இந்திய வம்சத்து ஏழைக் குடும்பத்தில் 1928-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்புக்கு வழியில்லை. ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கருகே இருந்த பீச்வுட் என்ற மைதானத்தில் வெள்ளையர்களின் பையைச் சுமந்தார். கற்றுக் கொடுக்க ஆசிரியர் எவரும் இல்லை. ஆகவே மட்டையை அவர் பிடித்த விதமே விபரீதமாக இருந்தது. வலது கையால் ஆடும் எல்லோரும் இடது கையை மேலேயும் வலது கையைக் கீழேயும் வைப்பார்கள். பப்வா மாற்றிப் பிடித்தார். புத்தகங்களின்படி அவ்விதம் ஆடவே இயலாது. புத்தகம் வாசியாதவருக்கு அது தெரியாதபடியால் அவர் அற்புதமாக ஆடினார்! பிற்காலத்தில் அந்தப் பிடிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

கிரஹாம் வுல்ப் என்ற டர்பன் நகரத்து வெள்ளையர் ஒருவர் இருந்தார். 'ஓலே' என்ற முகப்பூச்சைக் கண்டுபிடித்தவர். தம் பையைச் சுமந்த பப்வாவின் திறமையைக் கண்டு, 1959-இல் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அந்த ஆண்டே பப்வா ஹாலந்து தேசத்து ஓப்பன் பந்தயத்தை வென்றார். 1960-இல் மறுபடி வென்றார். 1964-இல் மூன்றாம் முறையும் வென்றார். எழுத்து வாசனையற்ற கேடி, ஒரு ஐரோப்பிய தேசத்தின் சாம்பியன்! தாய்நாடாக அவர் பிறந்த தேசத்திலோ, வெள்ளையரோடு ஆடுவதற்கே தனி அனுமதி பெற வேண்டியிருந்தது.

1963-ஆம் ஆண்டு ஜனவரியில் டர்பன் கண்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன் பந்தயம் நடந்தது. பப்வாவுக்கு ஆட அனுமதி கிடைத்தது. கிளப் கட்டிடத்துக்குள் நுழைய அனுமதி இல்லை. உடை மாற்றுவதும் உணவு கொள்வதும் வெளியேதான். ஹேகன் காரில் உடை மாற்றியது ரோஷத்தினால். பப்வாவுக்கோ வேறு கதியில்லை. ஆனால் மைதானத்தில் பந்துக்கு நிற பேதம் தெரியாது. தென்னாப்பிரிக்காவின் தேர்ந்த வெள்ளை ஆட்டக்காரர்கள் அனைவரையும் முந்தி பப்வா முதலாவதாக வந்தார்.

பரிசளிக்கும் வேளை வந்தது, மழையும் வந்தது. வெள்ளையர் கட்டிடத்துக்குள் இருந்தனர். ஜயித்தவர் வெளியே நின்றார். நனைந்துகொண்டே தம் கோப்பையை வாங்கிக்கொண்டார். அந்தக் காட்சியின் புகைப்படம் தேச தேசாந்தரங்களில் பத்திரிகைகளில் வெளியாயிற்று. நிறவெறி என்றால் என்ன என்பதைப் பத்து நூல்கள் எழுதி விளக்குவதைக் காட்டிலும் அந்த ஒரு படம் தெளிவாக விளக்கிற்று. போட்டியில் தோற்றவர்கள் நனையவில்லை, வென்றவர் நனைந்தார். அதைக் காட்டிலும் பெரிய வெட்கக்கேடு விளையாட்டு உலகத்தில் வேறு என்ன இருக்க முடியும்?

நேட்டால் மாகாணம் நம்மவர்க்குப் புதிய பெயர் அல்லவே. 1893-இல் அம்மாகாணத்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில்தான் காந்திஜி முதல் வகுப்பு வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டார். அந்தத் தேசத்துச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்து, விடுதலையான சில நாட்களில் 1914-இல் உயிர் நீத்தாள் நம் தில்லையாடி வள்ளியம்மை. தென்னாப்பிரிக்காவோடு வர்த்தகத்தை 1946-இல் முதன்முதலாக நிறுத்திக்கொண்டதும் இந்தியாவே. ரயில் நிலையத்துக் குளிருக்கும் கோல்ப் மைதானத்து மழைக்கும் எழுபது ஆண்டு இடைவெளி. அவமதிப்பின் ரூபம் மட்டும் மாறவில்லை.

பப்வா மேடையேறிப் பேசுகிறவர் அல்லர், ஆடுகிறவர். அதே 1963-இல் பிரிட்டிஷ் ஓப்பனில் ஆடி 13-ஆம் இடத்தைப் பிறரோடு பகிர்ந்துகொண்டார். 1965-இல் நேட்டால் ஓப்பனை மறுபடியும் வென்றார். இம்முறை அவர் பின்தள்ளியவர்களுள் ஒருவர் காரி பிளேயர். கோல்பின் நான்கு பெரும் பந்தயங்களையும் வென்றவர் என்ற பெருமையை அதே ஆண்டில் அடைந்த உலகப் பிரசித்தர். ராஜாங்கத்தார்க்குப் பொறுக்கவில்லை. பப்வா உள்நாட்டுப் பந்தயங்களில் ஆடலாகாது என்று தடை பிறந்தது. வெளிநாடு செல்லும் பாஸ்போர்ட்டும் பறிபோயிற்று. பார்வையாளராகக்கூட மைதானத்தில் நிற்க முடியாத நிலை உண்டாயிற்று. கைத்தொழில் பறிபோன கலைஞனைப் போல் அவர் வாழ்க்கை நலிந்தது. 1978-இல் வறுமையிலேயே கண் மூடினார். இன்று டர்பன் நகரில் ஒரு பொதுக் கோல்ப் மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1994-இல் விடுதலை பெற்ற தென்னாப்பிரிக்கா, மறைந்த அவருக்குத் தேச விருதும் அளித்தது. மாலை பெரிதுதான்; கழுத்து இருந்தபோது விழவில்லையே என்ற துயரமும் பெரிதுதான்.

நம் நாட்டுக் கேடிகள்

அயல்நாட்டாரைக் குறை கூறிவிட்டு நாம் கண்ணாடி பாராமல் இருப்பது நியாயமன்று. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள மிகப் பழைய கோல்ப் கிளப் கல்கத்தாவில் 1829-இல் ஏற்பட்டது. சென்னையிலும் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலின் நடுவே ஜிம்கானா கிளப் துரைமார் ஆடி வந்தார்கள். துரைமார் கப்பலேறிய பின் நம்மவர் அங்கத்தினர் ஆனார்கள். அங்கத்தினரின் நிறம் மாறிற்று. பையைச் சுமந்தவனின் நிலை பல காலம் மாறவில்லை.

1964-இல் தொடங்கிய இந்திய ஓப்பன் பந்தயத்தை மறு ஆண்டே பில்லூ சேத்தி என்ற இந்தியர் வென்றார். அவர் பணத்துக்கு ஆடாத கனவான் ஆட்டக்காரர். அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் அயல்நாட்டாரே வென்று சென்றனர். 1991-இல் அந்த வழக்கத்தை முறித்தவர் அலி ஷேர். டில்லி கோல்ப் கிளப்பில் பை சுமந்து வளர்ந்தவர். எந்த மைதானத்தின் புல்லைப் பிறருக்காகப் படித்தாரோ, அந்த மைதானத்திலேயே தமக்காகப் படித்து ஜயித்தார். அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களுக்கு 1993-இல் இரண்டாம் முறை வென்று பதிலளித்தார்.

அவருக்குப் பின் வரிசை நீண்டது. பெங்களூரில் பை சுமந்து வளர்ந்த முனியப்பா 2009-இல் இந்திய ஓப்பனை வென்றார். கல்கத்தா ராயல் கிளப்பில் புல்தரையைப் பராமரித்த தொழிலாளியின் மகன் சௌரசியா, 2008-இல் டில்லியில் உலக வீரர்கள் திரண்ட இந்தியன் மாஸ்டர்ஸ் பந்தயத்தை வென்றார்; பின்னர் 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து இந்திய ஓப்பனை வென்றார். தந்தை வெட்டிய புல்லில் மகன் வெற்றி நடை போட்டான் என்றால் அதைவிட அழகான பிதுரார்ஜிதம் எது?

பெண்களின் பங்கையும் சொல்ல வேண்டும். பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் 2016-இல் 18 வயதில் ரியோ ஒலிம்பிக் பந்தயத்தில் ஆடியபோது அவருடைய பையைத் தந்தை சுமந்தார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தாய் சுமந்தார். கடைசிச் சுற்று ஆரம்பிக்கையில் அதிதி இரண்டாவது இடத்தில் இருந்தார். காலையில் எழுந்து, கோல்ப் விதி ஒன்றும் அறியாத லட்சோபலட்சம் இந்தியர்கள் அந்தச் சிறு வெள்ளைப் பந்தை இமை கொட்டாமல் பார்த்தார்கள். ஒரே ஓர் அடியில் வெண்கலப் பதக்கம் தவறி, நான்காம் இடம் கிட்டியது. பதக்கம் வரவில்லை, ஆனால் தாய் சுமந்த பையை நம் வீடுகள் மறக்கவில்லை.

அமெரிக்காவில் அகஸ்டா என்னும் மைதானத்தின் கதையும் இவ்வரிசையில் சேர்ந்ததே. அங்கு நடக்கும் மாஸ்டர்ஸ் பந்தயத்தில் நெடுங்காலம் பை சுமந்தவர்கள் கறுப்பர்; ஆடியவர்கள் வெள்ளையர். 1975-இல் லீ எல்டர் முதன்முதலாக அந்த எல்லையைக் கடந்து ஆடினார். 1997-இல் 21 வயதான டைகர் உட்ஸ் 12 அடி வித்தியாசத்தில் அதே பந்தயத்தை வென்றார். அன்று அம்மைதானத்துக்கு வந்து அதைக் கண்ணாரக் கண்டவர்களுள் லீ எல்டரும் ஒருவர்.

புறம்போக்கின் பெருமை

இவ்வளவையும் சொன்னதன் கருத்து, எண்ணூர்க் கடற்கரையில் கோல்ப் மைதானம் போட வேண்டும் என்பதன்று. அப்படி ஏதேனும் யோசனை எழுந்தால் முதலில் ஆட்சேபிப்பவர்கள் நாமாகத்தான் இருப்போம். துரைமார் காலத்தில் எண்ணூர் ஓய்வுக்குப் போய்த் தங்கும் இடமாக இருந்தது. பிறகு ஆலைகளும் அனல் மின் நிலையங்களும் வந்தன. 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஆற்றிலே படிந்த சாம்பல் மூடிக்கொண்டு போய்விடவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து கழிமுகத்தில் பரவியபோது, நெட்டுக்குப்பம் முதலிய கிராமத்தாரின் படகுகளும் வலைகளும் கறுத்துப் போயின. ஸ்காட்லாந்தில் ஒரு மணல்வெளி ஊர் ஜனங்களுக்கே உரியது என்று 1552-இல் சாசனம் எழுதினார்கள். அதனால் உலகத்துக்கு ஒரு விளையாட்டுக் கிடைத்தது. அதே வகையான நம் மணல்வெளியை, உழவுக்குதவாத வீண் நிலம் என்று கருதியவர்கள் சாம்பல் கொட்டினார்கள். பொதுநிலத்தைப் பாழ்நிலம் என்று பெயர் மாற்றுகிறபோதே அதில் விளையாட வேண்டிய குழந்தைகளின் பாத்தியதையும் பறிபோய்விடுகிறது.

திறமை இந்த வட்டாரத்தில் குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்களைக் கொண்டுவந்த காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். கேரம் ஆட ஒரு பலகையும், நாலு பேர் கூடும் ஒரு திண்ணையும் போதும். வாயிற்காப்போனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆகவே அங்கே திறமை தடையின்றி வெளிப்படுகிறது. கதவு உள்ள விளையாட்டுகளில் எத்தனை பப்வாக்கள் வெளியே நின்றபடியே வயதாகிப் போனார்கள் என்பதை யார் கணக்கெடுத்தார்கள்?

வென்ற வீரர் கோப்பையைத் தூக்கிப் பிடிக்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டேதான் இருக்கும். அவற்றைப் பார்க்கும்போது, படத்தின் ஓரத்தில் பையோடு நிற்பவரையும் நம் நேயர்கள் ஒரு முறை கவனிக்க வேண்டும். அடுத்த சரித்திரம் அவர் தோளில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் ஆடுவதற்கு ஒரு துண்டு பொதுநிலமும், மழை பெய்தால் ஒதுங்குவதற்குத் திறந்த ஒரு கதவும் வேண்டும். சுதந்திர தேசத்தில் அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை. அதற்குக் குறைவாக நாம் கொடுக்கவும் கூடாது.